மூக்குப் பூட்டு

யோகஸ்ரீ ஓசூரில் கம்ப்யூட்டர் சிப் செய்யும் ஆலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே பலமுறை கிளீன் ரூமிலிருந்து வெளியே அனுப்பப்பட்டாள். அவளுடைய மூக்குதான் காரணம்.

கிளீன் ரூம் என்பது தூசிக்கு இடமில்லாத அறை. தலைமுதல் பாதம்வரை வெள்ளை உடுப்பு, அதன்மேல் முகமூடி, கண்ணாடி. உள்ளே போய்விட்டால் மூக்கைத் தொட முடியாது. உறிஞ்சலாம், ஒரு ஷிப்ட் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. முகமூடி நனைந்தால் மேலே ஒரு சிவப்பு விளக்கு எரியும். யாராவது தும்மினால் அந்த வரிசையே நின்றுவிடும். மேற்பார்வையாளர் திட்டுவதில்லை. கதவைப் பார்த்துக் கையை நீட்டுவார், அவ்வளவுதான். அப்படி அடிக்கடி வெளியே வருகிறவர்களை நிரந்தரம் ஆக்குவதில்லை என்று ஆலையின் பெண்கள் விடுதியில் எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்தே, காலையில் எழுந்தால் மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டும். கெட்டிச் சளி இல்லை, வெறும் தண்ணீர். ஊரில் எல்லோரும் அதற்கு சைனஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அம்மா நொச்சித்தழை போட்டு ஆவி பிடிக்க வைத்தாள், மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகையை முகரச் செய்தாள். அப்பா மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மாத்திரை வாங்கி வந்து கொடுத்துப் பார்த்தார். கடைசியில் கடைக்காரர் ஒரு சொட்டு மருந்தை நீட்டினார். அது மூக்கை நொடியில் திறந்துவிட்டது. அதையே தினமும் விட்டுக்கொண்டாள். கொஞ்ச நாளில் அந்த மருந்து இல்லாவிட்டால் மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டபடி தூங்கவேண்டிய நிலை வந்தது.

ஆலையின் மருத்துவ அறையில் டாக்டர் பர்வீன் இருந்தார். வாணியம்பாடிக்காரர், காது மூக்கு தொண்டைக்குப் படித்தவர். இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்விகளை அவர் கேட்டார். தண்ணீர் ஒரு பக்கம் வருகிறதா, இரண்டு பக்கமுமா, மூக்கும் கண்ணும் அரிக்கிறதா, குனிந்தால் முகம் கனக்கிறதா, வாசனை தெரிகிறதா. ஒரு பக்கம் மட்டும் வந்தால் வேறு மாதிரி கவலைப்பட வேண்டியிருக்கும் என்றார். பிறகு முன்னங்கையில் தூசி, மகரந்தம், கரப்பான் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக் கீறிப் பார்த்தார். ஒன்றும் தடிக்கவில்லை. மூக்கினுள் ஒரு மெல்லிய கேமராவை விட்டார். பிறகு தலையைச் சுற்றிப் படம் எடுத்தார். திரையில் கன்னத்துக்குப் பின்னாலும் நெற்றிக்குப் பின்னாலும் இருக்கும் காற்றறைகள் கறுப்பாகச் சுத்தமாகத் தெரிந்தன.

"உனக்கு சைனஸ் கெடையாதும்மா. அலர்ஜியும் இல்ல," என்றார்.

"அப்ப இது என்ன மேடம்?"

"மூக்குல தண்ணி ஊறட்டும்னு உத்தரவு போடறதுக்கு ஒரு நரம்பு இருக்கு. குளிர்காத்து பட்டா, காரம் தின்னா, அது உத்தரவு போடும். எல்லாருக்கும்தான். உனக்கு அது காரணமே இல்லாம போட்டுக்கிட்டே இருக்கு. அதுக்கு மேல அந்தச் சொட்டு மருந்து வேற. அடைப்பை எடுக்கற மருந்துதான், நாள்பட விட்டா அதுவே அடைக்கும்."

சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்லி, உப்பு நீரால் மூக்கைக் கழுவக் கற்றுக்கொடுத்து, வேறொரு ஸ்பிரே எழுதித் தந்தார். விடுதியில் இருக்கும்போது பாதிக்குமேல் குறைந்தது. கிளீன் ரூமின் வறண்ட குளிருக்குள் போனதும் பழையபடி ஒழுகியது. அப்போதுதான் பூட்டைப் பற்றிய பேச்சு வந்தது.

அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. ஆலைப் பெண்கள் அதைப் பூட்டு என்றுதான் சொன்னார்கள். அரிசி அளவில் ஒரு கருவி. மூக்கின் பின்சுவரில், அந்த நரம்பு எலும்பைத் துளைத்து வெளியே வருகிற இடத்தில் வைத்துவிட்டால், நரம்பு போடுகிற உத்தரவு மூக்குக்குப் போய்ச் சேராது. வெட்டுவதில்லை, ரத்தம் அதிகம் இல்லை, அன்றே வீடு திரும்பலாம். செலவை ஆலை ஏற்றுக்கொள்ளும். விடுதி இருந்த இடம் மூக்கண்டப்பள்ளி. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, இந்த ஊரில் பூட்டாத மூக்கே இல்லை என்று பெண்கள் கேலி பேசுவார்கள். பாதிப்பேர் போட்டிருந்தார்கள்.

டாக்டர் பர்வீன் ஒன்றை மட்டும் நிதானமாகச் சொன்னார். கண்ணுக்கு நீர் சுரக்கச் சொல்லும் நரம்பும் கொஞ்ச தூரம் அதே நரம்புக் கற்றையில்தான் வருகிறது. அதனால் கண் வறளும். கண்ணீருக்குப் பதிலாக ஒரு சொட்டு மருந்து தருகிறேன், மறக்காமல் விட்டுக்கொள் என்றார். யோகஸ்ரீக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. ஏ.சி.யில் உட்கார்ந்தால் கண் வறளத்தானே செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அழுகை என்ற சொல்லை டாக்டரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பூட்டுப் போட்ட மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்தபோது மூக்கில் ஒன்றுமே இல்லை. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஜன்னலைத் திறந்து குளிர்காற்றில் நின்று பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. அம்மாவை வீடியோவில் அழைத்து மூக்கைக் காட்டினாள். அம்மா அந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வருட முடிவில் அவளை நிரந்தரம் ஆக்கினார்கள்.

அழுகையும் நின்றுபோனது முதல் முறை தெரிந்தது அப்பாவோடு நடந்த ஒரு சண்டையில். மேலே படிக்க வேண்டும் என்றாள். அவர் போனிலேயே முடியாது என்று சொல்லிவிட்டார். தொண்டை இறுகியது, உதடு கோணியது, கண்ணுக்குப் பின்னால் ஏதோ திரண்டு வந்தது. வந்து, தும்மல் வராமல் திரும்பிப் போவதுபோல் போய்விட்டது. தலை வலித்தது. கட்டிலில் உட்கார்ந்து இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஊறவைத்திருந்த துணிகளைத் துவைத்தாள். துவைத்து முடித்தபோது அந்த இறுக்கம் இல்லை.

அதன்பிறகு அவள் அதையே பழக்கமாக்கிக்கொண்டாள். தொண்டை இறுகத் தொடங்கினால் உட்காராதே, எழுந்து ஏதாவது வேலை பார். விடுதியில் மற்றப் பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள். யாருக்காவது ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்தால் அந்த அறையில் பெருக்குகிற சத்தம் கேட்கும். சண்டைகள் சீக்கிரம் முடிந்தன. இப்போது வருகிற பெண்கள் ரொம்பப் பக்குவமாக இருக்கிறார்கள் என்று வார்டன் மேலதிகாரிகளிடம் சொன்னாள்.

சில வருடங்களில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை லோகேஷ்வரன் காவேரிப்பட்டினத்துக்காரன், ஓசூருக்கு வெளியே ரோஜா வளர்க்கிற பசுமைக்குடிலில் சூப்பர்வைசர். தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். அக்கா தேன்மொழிதான் அவனை வளர்த்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. இவனைத்தான் பிள்ளையாக நினைத்தாள்.

லோகேஷ் எதற்கெடுத்தாலும் அழுகிறவன். தாலி கட்டும்போது அழுதான். மகள் மிதுனா பிறந்தபோது ஆஸ்பத்திரி நடையில் நின்று சத்தமாகவே அழுதான். டி.வி.யில் யாரோ பரிசு வாங்கினால்கூட மூக்கை உறிஞ்சுவான். யோகஸ்ரீ பூட்டைப் பற்றிக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள். அதனால் என்ன, ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே அழுதுடறேன் என்று அவன் சிரித்தான். அவன் அழும்போது அவள் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். பக்கத்தில் நின்று, அவன் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கிக்கொண்டு போவாள். அவள் அவனிடம் பிரியமாகத்தான் இருந்தாள். அது அவனுக்கும் தெரியும்.

மிதுனாவுக்கு நான்கு வயது முடிந்த சமயத்தில், பசுமைக்குடிலிலிருந்து திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஒரு லாரி அவனுடைய வண்டியை இடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது.

உடலைக் காவேரிப்பட்டினத்துக்குக் கொண்டுபோனார்கள். தேன்மொழி வாசலிலேயே விழுந்து புரண்டாள். பெண்கள் கூடி அழுதார்கள். யோகஸ்ரீ உடலின் தலைமாட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். தொண்டை இறுகியது. அவள் எழுந்தாள். வந்தவர்களுக்கு டீ போதுமா என்று பார்த்தாள், பந்தல்காரரிடம் இன்னும் நாற்காலி போடச் சொன்னாள், மிதுனாவுக்கு இட்லி பிட்டு ஊட்டினாள். எடுக்கிற நேரம் வந்தபோது, வழியில் கிடந்த செருப்புகளை ஓரமாக ஒதுக்கிவைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ சொன்னார்கள், அதிர்ச்சியில் இருக்கிறாள், ஒருநாள் உடைந்து கொட்டும் என்று. காரியம் முடிகிறவரை எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள். ஒன்றும் கொட்டவில்லை. காரியம் முடிந்ததும், லீவு முடிகிறது, வேலைக்குப் போகவேண்டும் என்று அவள் சொன்னாள்.

குழந்தையைக் கொஞ்ச நாள் என்னிடம் விட்டுப் போ என்று மட்டும் தேன்மொழி அன்று சொன்னாள். ஷிப்டுக்குப் போகும் நேரத்தில் பார்த்துக்கொள்ள ஓசூரில் ஆள் இல்லை. யோகஸ்ரீ சரி என்றாள்.

கூட்டிப்போக வந்தபோது தேன்மொழி விடவில்லை. சொந்தக்காரர்கள் நாலு பேரை வரவழைத்து வைத்திருந்தாள்.

"எந் தம்பி செத்துக் கெடக்கறான், இவ சேர் போடச் சொல்லிக்கிட்டு இருந்தா," என்றாள். "மனசுன்னு ஒன்னு இருந்தா ஒரு சொட்டாவது வராதா? இவகிட்ட புள்ளைய எப்படி அனுப்பறது?"

யோகஸ்ரீ பூட்டைப் பற்றிச் சொன்னாள். மூக்குக்குப் போட்டது, கண்ணையும் அடைத்துவிட்டது, நினைத்தாலும் வராது என்றாள். மூக்கு ஆப்பரேஷனுக்கும் அழுகைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பெரியவர் கேட்டார். அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. கடைசியில் தேன்மொழியே ஒரு முடிவு சொன்னாள். டாக்டர் வாயால் கேட்கிறேன். அப்படித்தான் என்று அவர் சொன்னால் குழந்தையைக் கூட்டிப் போ, நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

டாக்டர் பர்வீன் இப்போது ஆலையில் இல்லை. ஓசூரிலேயே சொந்தமாக ஒரு கிளினிக் வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் போய் உட்கார்ந்தார்கள். மிதுனா அத்தையின் மடியில் இருந்தாள்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேசைமேல் இருந்த மண்டை ஓட்டு மாதிரியைத் திருப்பி, மூக்கின் பின்னால் ஒரு துளையைத் தேன்மொழிக்குக் காட்டினார். மூக்குக்குப் போகிற நரம்பும் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போகிற நரம்பும் இதன் வழியாக ஒன்றாக வருகின்றன, மேலே போய்த்தான் பிரிகின்றன, இங்கே பூட்டினால் இரண்டும் சேர்ந்து நிற்கும் என்றார். இந்தப் பெண் வேண்டுமென்று அழாமல் இருக்கவில்லை என்றார். தேன்மொழி அந்தத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வந்ததுதான் வந்தாய், பூட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுகிறேன் என்று டாக்டர் யோகஸ்ரீயை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். தேன்மொழியும் குழந்தையும் வெளியே இருந்தார்கள்.

மூக்கினுள் பார்த்தார். சுவர் வறண்டு, வெளிறி இருந்தது. பூட்டு இடத்தில் இருந்தது. பிறகு, கண் எவ்வளவு வறண்டிருக்கிறது என்று தெரிந்தால் மருந்தை மாற்றித் தரலாம் என்று சொல்லி, விரல் நீளத்துக்கு ஒரு காகிதத் துண்டை மடித்து அவளுடைய கீழிமைக்குள் செருகினார். இன்னொன்றை அடுத்த கண்ணில். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். அந்தக் காகிதம் எவ்வளவு தூரம் நனைகிறதோ அவ்வளவு கண்ணீர் சுரக்கிறது என்று அர்த்தம்.

நேரமானதும் எடுத்துப் பார்த்த டாக்டர் புதிய துண்டுகளைக் கொண்டுவந்து மறுபடியும் செருகினார். இம்முறை நாசியருகே ஏதோ காரமான மருந்தில் நனைத்த பஞ்சைப் பிடித்தார். யோகஸ்ரீக்குக் கண் எரிந்தது. கன்னத்தில் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். ஈரம்.

டாக்டர் காகிதங்களைத் தட்டில் வைத்தார். நுனிவரை நனைந்திருந்தன.

"உன் கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு," என்றார்.

யோகஸ்ரீ தட்டைப் பார்த்தாள். "பூட்டு கெட்டுப் போச்சா மேடம்?"

"இல்ல. மூக்குக்கு அது ஒரே வழி. கண்ணுக்கு அப்படி இல்ல, வேற சின்னச் சின்ன நரம்புங்க தேடிக்கிட்டு வந்து சேர்ந்திருக்கும். அதனால கண்ணு திரும்பிடுச்சு, மூக்கு திரும்பல."

"எப்ப திரும்பியிருக்கும்?"

"போட்ட ஒரு வருஷத்துக்குள்ளயே இருக்கும்," என்றார்.

யோகஸ்ரீ கணக்குப் போட்டுப் பார்த்தாள். அப்போது கல்யாணமே ஆகவில்லை. லோகேஷை அவளுக்குத் தெரியாது.

"அப்ப அவர் செத்த அன்னிக்கு..."

"வந்திருக்கலாம். கண்ணுல தடை எதுவும் இல்ல."

வெளியே தெருவில் பால்வண்டியோ எதுவோ மணியடித்துக்கொண்டு போனது. யோகஸ்ரீ மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டும் என்று தெரிந்தது.

"யாரும் எங்ககிட்ட சொல்லலையே மேடம்."

"எனக்கே இப்பத்தாம்மா தெரியுது. கண்ணு எரியுதுன்னு வருவாங்க, மருந்து தருவேன். ஒரு வருஷத்துக்குள்ள வர்றது நின்னுடும். கண்ணு சரியாயிடுச்சுன்னு சொல்றதுக்கு யாரு டாக்டர்கிட்ட வருவா? நானும் கூப்பிட்டுக் கேக்கல."

"அழுகை வராததுக்குப் பூட்டு காரணம் இல்லையா அப்ப?"

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் வருடத்தில் அழ நினைத்தபோதெல்லாம் என்ன செய்தாய் என்று கேட்டார். யோகஸ்ரீ சொன்னாள். துணி துவைத்ததை, பெருக்கியதை, பாத்திரம் தேய்த்ததை. விடுதியில் மற்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள் என்பதையும் சொன்னாள். பூட்டுப் போட்டவர்களில் யாராவது பிற்பாடு அழுது பார்த்திருக்கிறாயா என்று டாக்டர் கேட்டார். அவள் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். இல்லை என்றாள்.

டாக்டர் தட்டிலிருந்த காகிதங்களைக் குப்பைக்கூடையில் போட்டார்.

"பூட்டுதான் காரணம்னு வெளிய சொல்லிட்டேன்," என்றார் கடைசியில். "அது முழுப் பொய்யும் இல்ல, அழாம இருக்கப் பழக்கினது அதுதானே. நீ போய் உன் புள்ளைய வாங்கிக்கோ. மத்ததை நான் எதுவும் சொல்லமாட்டேன்."

"இதுக்கு மருந்து இருக்கா மேடம்?"

"எங்கிட்ட இல்ல."

வெளியே வந்தபோது தேன்மொழி எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தெரியாமல் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றாள். அழுகையில் அவளுக்கு மூக்கு ஒழுகியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். குழந்தையின் துணிகளை இரண்டு நாளில் கட்டி அனுப்புகிறேன், நேற்று வாங்கிய செருப்பு கொஞ்சம் பெரிது, வைத்திருந்து போடு என்றாள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"யோகா, ஒன்னு கேக்கணும். இந்தப் பூட்டு வயித்துப் புள்ளைக்கும் எதாச்சும் பண்ணுமா?"

"ஏன் அண்ணி?"

"இவளும் அழுவல. அப்பனைத் தூக்கிட்டுப் போனப்ப கம்முனு பாத்துக்கிட்டு நின்னா. கீழ வுழுந்து முட்டி பேந்தாக்கூட எழுந்துபோயி தண்ணி ஊத்திக் கழுவிக்குவா. நாலு வயசுப் புள்ள. பயந்துட்டேன். அதுக்குத்தான் உங்கிட்ட அனுப்பமாட்டேன்னு புடிவாதம் புடிச்சேன். போன வாரம்தான், வளத்த கோழிக்குஞ்சு ஒன்னு செத்துப்போச்சு. அதை வச்சிக்கிட்டு நான் பொலம்பிக்கிட்டு இருந்தேன். என்னைப் பாத்துப் பாத்து இவளுக்கும் அழுகை வந்துடுச்சு. ஒரு மணி நேரம் அழுதா."

மிதுனா நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு, கண்ணீர் வழிய நின்ற அத்தையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில்தான் அவள் பார்வை நின்றது.

குழந்தைக்குப் பூட்டு எதுவும் வராது என்று யோகஸ்ரீ சொன்னாள். பேச்சு அதோடு முடிந்திருக்கலாம். தேன்மொழியை ஊருக்கு ஏற்றிவிடப் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். ஓசூரில் வெயில் ஏறியிருந்தது. கிருஷ்ணகிரி வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்ததும் அவள் நின்றாள்.

"அண்ணி, எங் கண்ணு நல்லா இருக்குதாம். டாக்டரு டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க. அவரு செத்தப்பவும் நல்லாத்தான் இருந்திருக்கு."

தேன்மொழிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவளுடைய கை குழந்தையின் தோளில் இறுகியது.

"அப்ப ஏண்டி அழுவல?"

"தெரியல அண்ணி."

தேன்மொழி திட்டுவாள் என்று யோகஸ்ரீ நினைத்தாள். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"மிதுனா உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றாள். "நான் லீவு நாள்ல வந்து பாத்துக்கறேன்."

"நீ இல்லாம எப்படி?"

"எங்கிட்ட இருந்தா இவ என்னை மாதிரி ஆயிடுவா."

அவள் குழந்தையைத் தூக்கிப் பஸ்ஸில் அத்தையின் பக்கத்தில் உட்காரவைத்தாள். கீழே இறங்கி ஜன்னலோரம் வந்து நின்றாள். அம்மா ஏறவில்லை என்பது மிதுனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பிளந்து அழத் தொடங்கினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூக்கிலிருந்து நீர் உதட்டுக்கு வழிந்தது. யோகஸ்ரீ ஜன்னல் வழியே கையை நீட்டி விரலாலேயே அதைத் துடைத்துவிட்டாள். மறுபடியும் வழிந்தது, மறுபடியும் துடைத்தாள். வண்டி நகர்ந்தது.

டாக்டர் பர்வீன் அதன்பிறகு தன்னிடம் பூட்டுப் போட்டுக்கொண்ட பெண்களைத் தேடிப்பிடித்து வரவழைத்தார். ஆலையை விட்டுப் போனவர்கள், கல்யாணமாகி வேறு ஊரில் இருப்பவர்கள் என்று பலரும் வந்தார்கள். எல்லோருடைய காகிதமும் நனைந்தது. கடைசியாக எப்போது அழுதீர்கள் என்று அவர் கேட்டபோது, ஏறக்குறைய எல்லோரும் யோசித்து யோசித்துப் பூட்டுக்கு முந்திய ஒரு காலத்தைச் சொன்னார்கள். ஒரு பெண், குழந்தை பிறந்து இறந்ததைச் சொல்லும்போது மேசைமேல் இருந்த பேனாக்களை ஒரே நேராக அடுக்கி வைத்தாள். டாக்டர் இதைப் பூட்டுச் செய்யும் கம்பெனியிடம் சொன்னார். அவர்கள் நன்றி சொன்னார்கள். கண் வறட்சி முழுமையாகக் குணமாகிவிடுகிறது என்பதை அவருடைய பரிசோதனை உறுதிசெய்கிறது என்றார்கள். இப்போது விளம்பரத்தில் அதையும் சேர்த்திருக்கிறார்கள்.

யோகஸ்ரீ லீவு கிடைக்கிறபோதெல்லாம் காவேரிப்பட்டினத்துக்குப் போனாள். மிதுனா இப்போது எல்லாவற்றுக்கும் அழுதாள். சோறு சுட்டால் அழுதாள், தலை வாரினால் அழுதாள். இவளோடு பெரிய ரோதனை என்று தேன்மொழி குறைபட்டுக்கொள்வாள். சொல்லும்போது அவள் முகத்தில் நிம்மதி இருக்கும். லோகேஷைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, யோகஸ்ரீ பாத்திரங்களைத் தேய்த்து வைத்துவிட்டுக் கிளம்புவாள்.

ஒருமுறை அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது, தெருவில் ஓடிவந்த மிதுனா கல் தடுக்கி விழுந்தாள். அழுதுகொண்டே எழுந்து ஓடிவந்தாள். யோகஸ்ரீ கையை நீட்டினாள். குழந்தை அவளைத் தாண்டி உள்ளே போய் அத்தையின் காலைக் கட்டிக்கொண்டது. தேன்மொழி அவளைத் தூக்கிக்கொண்டு, முட்டியை ஊதி ஊதிச் சமாதானம் சொன்னபடி வெளியே வந்தாள். படியில் யோகஸ்ரீயின் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையை இருவருக்கும் நடுவில் இறக்கிவிட்டாள்.

மிதுனா விசும்பிக்கொண்டிருந்தாள். மேலுதட்டில் மூக்கு நீர் பளபளத்தது.

"எங்க வலிக்குது?" என்று யோகஸ்ரீ கேட்டாள்.

குழந்தை முழங்காலைக் காட்டியது. தோல் உரிந்து லேசாக ரத்தம் கசிந்திருந்தது.

"ரொம்ப வலிக்குதா?"

"ம்."

"அம்மாவுக்கும் வலிக்குது," என்றாள் யோகஸ்ரீ. இதைச் சொல்லவேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. தேன்மொழி திரும்பிப் பார்த்தாள்.

மிதுனா விசும்பலை நிறுத்தினாள். "எங்க?"

யோகஸ்ரீ யோசித்தாள். கையைக் கொஞ்சம் தூக்கினாள். எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"தெரியல கண்ணு," என்றாள்.

மிதுனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு படியில் மண்டிபோட்டு, அம்மாவின் சுடிதாரை மேலே ஏற்றி, காயம் எதுவும் இல்லாத அந்த முழங்காலை ஊதத் தொடங்கினாள்.